துண்டுக்கடியில் ஒரு விரல்

வா கண்ணு, உக்காரு. கயித்துக் கட்டல்ல உக்காந்தா பேண்ட்டு கசங்குமின்னா அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்கோ. அம்மிச்சி மோரு கலக்கிட்டிருக்கா, வரும். அந்தக் கழுத்துக் கயித்தைச் சித்த தளத்திக்க சாமி, பாக்கற எனக்கே மூச்சு முட்டுது. கன்னுக்குட்டிக்கு மூக்குல போடறாங்க, உங்களுக்குக் கழுத்துல போடறாங்க. எங்க போட்டாலும் மறுமுனையப் புடிச்சு இழுக்க ஒருத்தன் இருக்கோணுமே!

நீ குடுத்த கார்டைக் கண்ணாடி போட்டுப் படிச்சேன். 'ஹோம் லோன் அண்ட் பிராப்பர்ட்டி கன்சல்டன்ட்'. நெம்ப நல்லாயிருக்குது. கருங்கல்பாளையம் சந்தையிலயும் கண்ணபுரம் தேர்ச் சந்தையிலயும் நாப்பது வருஷம் நானும் இதே வேலையத்தான் பாத்தேன். ஒருத்தனும் எனக்குக் கார்டு அடிச்சுக் குடுக்கல. தரகன்னாங்க. மாடு சண்டித்தனம் பண்ணுன மறுவாரம் அதுக்கு முன்னால இன்னொரு வார்த்தையும் சேத்துச் சொன்னாங்க.

உங்கம்மா போன்ல ஒரே அழுகை. திருப்பூர்ல ஏசி ரூம்புல மெர்ச்சண்டைசர் வேலை, மாசம் பொறந்தா சம்பளம், அதைய உட்டுப்போட்டுப் பையன் ஊடு விக்கப் போறானாமா, நீங்கதான் நாலு புத்தி சொல்லோணுமின்னா. எனக்கு உள்ளூரக் குளுந்து போச்சு. என்ற தொழிலைப் புடிக்க ஒருத்தன் வந்துட்டான். அவகிட்ட அதையச் சொல்ல முடியுமா? 'ஆவட்டும் அம்மிணி, அனுப்பி வையி'ன்னேன். மத்தபடி உன்னைய வரச்சொன்னதுல இன்னொரு சங்கதியும் இருக்குது. அது கடைசியில.

மொதல்ல இந்தத் துண்டைப் பாரு. சந்தையில விக்கறவன் கையையும் தரகன் கையையும் துண்டு போட்டு மூடித்தான் பேசுவோம். வாய் பேசாது, விரல்தான் பேசும். ஒரு விரலைப் புடிச்சா ஆயிரம், கட்டை விரலோட சேத்து அமுக்குனா அஞ்சாயிரம், இப்படி அவியவிய சந்தைக்கு ஒரு கணக்கு. சுத்தி நூறு பேரு நின்னாலும் என்ன வெலைன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. விக்கறவன் விரல் 28ன்னு சொல்லும். வாங்கறவன் விரல் 31ன்னு சொல்லும். ரெண்டு கைக்கும் நடுவுல என்ற கை. அந்த மூணு விரல் சந்துலதான் கண்ணு உங்கம்மாளைப் படிக்க வெச்சேன், கட்டிக் குடுத்தேன்.

எனக்கு ரெண்டே கைதான். உனக்கு நாலாமா? வாங்கறவன், விக்கறவன், கட்டற பில்டர், கடன் குடுக்கற பேங்கு. பழைய ஊடுன்னா வாங்கறவன்கிட்ட ஒரு பர்சென்ட்டு, விக்கறவன்கிட்ட ஒண்ணு. புது ஃபிளாட்டுன்னா பில்டர் கவனிச்சுக்குவாரு. கடன் பாஸாச்சுன்னா பேங்குக்காரன் உனக்குத் தனியா ஒரு கமிஷன் போடுவான். அப்பறம் நோட்டீசுல 'லோன் சர்வீஸ் முற்றிலும் இலவசம்'னு போட்டிருக்கறயே, அந்த எடத்துலதான் நீ என்ற பேரன்னு எனக்கு நம்பிக்கை வந்துது. அதுலயும் ஒரு நுணுக்கம் சொல்றேன், குறிச்சுக்க. எந்தப் பேங்கு வட்டி கொறைவுன்னு பாக்கப்படாது. எந்தப் பேங்கு உனக்குக் கமிஷன் எச்சாத் தருதோ அதுதான் 'கஸ்டமருக்குப் பொருத்தமான பேங்கு'. நானும் அப்படித்தான், எந்தச் சந்தையில தரகு எச்சோ அந்தச் சந்தை மாடுதான் லட்சணமான மாடுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

என்ன சிரிக்கற? இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியுமின்னா? நம்ம பக்கத்து டவுன்ல ஒரு பேங்கு மேனேஜர் ஆறு வருஷமா எங்கிட்ட நாட்டுக்கோழி முட்டை வாங்கறாரு. ஞாயித்துக்கெழமை வந்தார்னா முட்டை பத்து, பழமை ரெண்டு மணி நேரம். 'கடன் கேட்டு வர்ற அன்னிக்கு எல்லாருமே மாப்பிள்ளை மாதிரிதான் வருவாங்க பெரியவரே'ம்பாரு. ஆபீசுல சொல்லாததையெல்லாம் முட்டைக்கூடை முன்னால சொல்லுவாரு.

அடுத்தது, பொய் சொல்லாத. பொய் சொல்றவன் என்னைக்காவது மாட்டுவான். பாதி நெசத்தைச் சொல்லு, அவனை எந்தக் கோர்ட்டும் புடிக்காது. இப்ப 60 லட்சத்துக்கு ஒரு ஊடு. பேங்கு 80 பர்சென்ட்டு, 48 லட்சம் கடன் தருதுன்னு வெய்யி. எட்டரை வட்டி, 20 வருஷம். மாசத் தவணை 41,655 ரூவாய். நீ என்ன சொல்லோணும்? '41 ஆயிரம்தானுங், இப்பவே வாடகை 20 ஆயிரம் கட்டறீங்க, அதுக்கு மேல கொஞ்சம் போட்டா சொந்த ஊடு'. இங்கயே நிறுத்திக்கோணும். மொத மாசத் தவணையில 34,000 வட்டிக்கே போயிரும், அசலுக்கு 7,655தான் போகுமின்னு வாயைத் தொறந்துறாத. 20 வருஷத்துக்கும் கூட்டிப் பாத்தா 48 லட்சம் வாங்கித் தொட்டு ஒரு கோடி கட்டறான்னு தவறிக்கூடச் சொல்லிறாத. புருஷன் பொண்டாட்டி ஆனந்தமா வந்திருப்பாங்க, எதுக்கு அவிய மனசை நோகடிக்கறது?

41 ஆயிரம் எச்சுன்னு இழுத்தா ஒண்ணும் பதறாத. 30 வருஷத்துக்கு நீட்டிரு. தவணை 36,908க்கு வந்துரும். மாசம் 4,700 ரூவாய் மிச்சம்னு சொல்லு. அந்தம்மா மொகம் பூவாட்டம் விரியும். கடைசியில கட்டறது ஒரு கோடியே 33 லட்சம் ஆகும், 4,700 மிச்சம் புடிக்கறதுக்கு 33 லட்சம் எச்சாக் குடுக்கறாங்கன்னு அவியளுக்குத் தெரியறதுக்குள்ள உனக்குக் கல்யாணமாயி, உன்ற பையன் காலேஜு போயிருவான்.

மாறுற வட்டின்னு ஒண்ணு விக்கறீங்களே, அதையக் கேட்டப்ப எனக்குக் காங்கேயம் கன்னுக்குட்டி நெனப்புதான் வந்துது. பொறக்கறப்போ செவசெவன்னு அம்சமா இருக்கும். ஆறு மாசம் போனா அந்தச் செகப்பு போயி மயிலை நெறம் அடிச்சிரும். வெவரம் தெரியாதவன் செகப்புக் கன்னுன்னு நெனச்சு ஓட்டிட்டுப் போயி, நெறம் மாறிப் போச்சுன்னு சண்டைக்கு வருவான். கன்னு மேல என்ன குத்தம், அதோட சாதகமே அதுதான். ரிசர்வ் பேங்கு 2019 அக்டோபர்லருந்து பேங்குக புதுசாக் குடுக்கற இந்த மாறுற வட்டிக் கடனையெல்லாம் வெளி அளவுகோல் ஒண்ணோட கட்டச் சொல்லிருச்சு. நெறையப் பேங்குக ரிசர்வ் பேங்கோட ரெப்போ வட்டியிலதான் கட்டியிருக்குதுக. அது ஏறுனா இதுவும் ஏறும். 2022 மே மாசம் 4 பர்சென்ட்டா இருந்த ரெப்போ அடுத்த பிப்ரவரிக்குள்ள ஆறரைக்குப் போச்சு. நம்ம ஜனம் என்ன பண்ணுச்சு? தவணை அதேதானே போகுது, நமக்கொண்ணும் ஏறலைன்னு நிம்மதியாத் தூங்குச்சு. பேங்கு தவணையத் தொடல, வருஷத்தை இழுத்துட்டுது. 58 வயசுல முடியற கடன் 70ஐத் தாண்டிப் போயிருச்சு. பென்சன் வாங்கறவன் ஊட்டுக் கடன் கட்டறான். அப்பறம் 2023 ஆகஸ்ட்டுல ரிசர்வ் பேங்கு வந்து, அப்பா, ஏத்தறப்போ அவனைக் கேளுங்க, தவணையக் கூட்டறதா வருஷத்தைக் கூட்டறதான்னு அவனே சொல்லட்டும்னு சொல்லிச்சு. இப்ப ரெப்போ எறங்கியும் இருக்குது. அதுவும் தானா எறங்கி உன்ற ஆளு கணக்குல வந்து உக்காந்திருக்குதான்னு அவன் பாத்திருக்கானா? நீயும் சொல்லாத. அவனா வந்து கேட்டா 'டேக்ஓவர் பண்ணிக்கலாமுங்'ன்னு சொல்லி வேற பேங்குக்கு மாத்தி உடு. அதுல ஒரு கமிஷன்.

சம்பளக்காரன் தீவாளி போனசுல ஒரு லட்சம் மிச்சம் புடிச்சான்னா கடன்ல கட்டலாமான்னு உங்கிட்ட வருவான். தனி ஆளு பேருல மாறுற வட்டிக்கு வாங்குன ஊட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுனா அபராதம் கெடையாது, 2012லயே பேங்குகளுக்கு அப்படித் தடை போட்டாச்சு. மொத அஞ்சு வருஷத்துல போடற ஒரு லட்சம் கடைசி அஞ்சு வருஷத்துல போடறதை உடப் பல மடங்கு வேலை செய்யுமின்னு எங்க மேனேஜர் சொல்றாரு. நீ அதையச் சொல்லாத. 'டாப்-அப் வாங்கி மாடியில ஒரு ரூம்பு எழுப்புங்க'ன்னு சொல்லு. கடனோட கூடவே ஒரு இன்சூரன்சையும் தள்ளி உட்டுரு. பிரீமியத்தை மொத்தமாக் கடன்லயே சேத்துட்டா அதுக்கும் 20 வருஷம் வட்டி ஓடும். மாட்டோட வர்ற கன்னுன்னு நெனச்சு ஓட்டிட்டுப் போவாங்க, ஊட்டுக்குப் போயித்தான் அது பக்கத்து மாட்டுக் கன்னுன்னு தெரியும்.

மோரைக் குடி. உப்புப் பத்தலையா? அம்மிச்சி இந்த வயசுலயும் அளந்துதான் போடுவா.

கைக்காசுச் சங்கதி ஒண்ணு இருக்குது. 'ஊட்டு வெலையில 20 பர்சென்ட்டு கையில இருந்தாப் போதுமுங்'ன்னு சொல்றீங்களே, எந்தக் கணக்கு வாத்தியாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு? 30 லட்சம் வரைக்கும் கடன்னா 90 பர்சென்ட்டு, 75 லட்சம் வரைக்கும் 80, அதுக்கு மேல 75. அது பேங்கு தர்ற உச்சம். பத்திரச் செலவை அந்த மதிப்புல சேக்கப்படாது. 60 லட்சத்துக்குக் கையில 12 வேணும். முழுசாப் பதிஞ்சா முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் 9 பர்சென்ட்டு, அது 5,40,000. உனக்கு 60,000. ஆகமொத்தம் 18 லட்சம் வெச்சிருக்கறவன்தான் அந்த ஊட்டுப் படியேறலாம். 12 வெச்சிருக்கறவனை ஏத்தி உட்டா அவன் மிச்ச ஆறுக்குப் பர்சனல் லோன் வாங்குவான், மாமனார் ஊட்டுல கை மாத்துவான், பொண்டாட்டி தோட்டைக் கழட்டுவான். பாலு காச்சற அன்னிக்கு அந்தம்மா காதுல வேப்பங்குச்சி சொருகிட்டு நிக்கறதை நானே பாத்தேன். நல்ல லட்சணமான ஊடு, ஈசானிய மூலையெல்லாம் கச்சிதமா இருந்துது.

விக்கறவன் வேற ஒரு பக்கம் 'பாதி வெள்ளை, பாதி கருப்பு'ன்னு நிப்பான். வழிகாட்டி மதிப்புக்குப் பதிஞ்சுட்டு மிச்சத்தைப் பையில கேப்பான். பேங்கு பேப்பர்ல இருக்கற வெலைக்குத்தான் கடன் குடுக்கும். பூமி வித்த பணத்துல 20,000 ரூவாயோ அதுக்கு மேலயோ ரொக்கமாக் கை மாறுனா, எவ்வளவு வாங்குனானோ அவ்வளவும் அபராதம்னு வருமான வரிச் சட்டம் 2015லருந்தே சொல்லுது. அதையச் சொன்னா வியாபாரம் முறிஞ்சிரும். அதனால நீ அந்த நேரத்துல போன் வந்த மாதிரி வெளிய போயிரு. நானும் மாட்டுக்காரனுக ரெண்டு பேரும் அசிங்கமாப் பேச ஆரம்பிச்சா வெத்தலை வாங்கப் போயிருவேன்.

இப்பப் பல்லுக்கு வாரேன். மாட்டுத் தரகுல பாதி வித்தை பல்லுலதான். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடை சேந்ததுன்னு வாயைத் தொறந்து பாத்தா வயசு தெரிஞ்சு போயிரும். விக்கறவன் கொம்பைக் கண்ணாடிச் சில்லுல சீவி எண்ணெய் தடவி எளசாக் காட்டுவான். ரெண்டு வேளை பாலு கறக்காம நிறுத்தி மடியப் பானையாட்டம் பெருக்கி ஓட்டிட்டு வருவான். உப்புத் தண்ணி குடிக்க வெச்சு வயித்தை நெரப்புவான். எல்லாம் பண்ணலாம், பல்லுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. உன்ற மாடல் ஃபிளாட்டு இருக்குதே, ஃபால்ஸ் சீலிங்கும் மஞ்ச வெளிச்சமுமா, அது கறக்காத மடி. அதைப் பாத்து மயங்குனவன் எந்தக் காலத்துலயும் பல்லைக் கேக்க மாட்டான்.

பூமிக்குப் பல்லு பேப்பருதான். தாய்ப்பத்திரம் எங்கிருந்து எப்படி எறங்கி வந்துது, வில்லங்கத்துல 30 வருஷத்துக்கு என்ன பேசுது, பட்டா எவன் பேருல இருக்குது, கூட்டுப்பட்டாவா தனியா, அளவு படத்துக்கும் நெலத்துக்கும் ஒத்துப் போகுதா. வில்லங்கத்துல ஒண்ணுமில்லைன்னா உடனே குதிக்காத. பதிஞ்சதுதான் அதுல தெரியும். பதியாத உயிலு, வாய்ப்பேச்சுப் பாகம், கோர்ட்டுல ஓடற ஒரியாட்டம், இதுக எதுவும் அதுல நிச்சயமா வருமின்னு சொல்ல முடியாது. அதெல்லாம் சுழி. மயித்துக்குள்ள இருக்கும், தடவிப் பாத்தாத்தான் தெரியும். டீக்கடையில ரெண்டு நாளு உக்காந்து 'இந்தப் பூமி யாருதுங்?'ன்னு கேட்டா ஊரே சொல்லும். உங்க லீகல் ஒபீனியன்ல அந்த டீக்கடை வராது.

நம்ம ரோட்டுமேல கொறங்காடு ஒண்ணு இருந்துதே, கிளுவ வேலி போட்டு, வெள்ளவேல மரமா நின்னுதே, தெரியுமா? எங்க மாடுகளெல்லாம் மேஞ்ச எடம். அதையச் சைட்டுப் போட்டான் ஒருத்தன். அதுக்கு வெச்ச பேரு 'கிரீன் மெடோஸ் அவென்யூ'. மரத்தையெல்லாம் வெட்டிப்போட்டு அப்பறந்தான் அந்தப் பேரு வெச்சான். மாடு போன இட்டேறியக் காட்டி '30 அடி ரோடு'ன்னான். பஞ்சாயத்து அப்ரூவல்ன்னு ஒரு சீலைக் காட்டுனான், ஜனம் செண்டு செண்டா வாங்குச்சு. 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட்டு, அங்கீகாரமில்லாத மனையப் பதியப்படாதுன்னு தடை போட்டுச்சு. வாங்குனவன் விக்க முடியாம நின்னான். மறு வருஷம் வரன்முறைத் திட்டம்னு வந்துது, பணங்கட்டி வாங்குனவனுக்கு உசுரு வந்துது. பேப்பரு வேலைக்கு அலையமாட்டாம உட்டவன் மனையில இன்னும் வேலிக்கருவைதான் மொளைச்சிருக்குது. அங்க எவன் தரகு பாத்தான்னு கேக்காத. வெத்தலை வாங்கப் போயிட்டேன்.

ஃபிளாட்டுல இன்னொரு வேடிக்கை. 1,200 சதுர அடின்னு விக்கறாங்க. உள்ள போயிப் பாயைப் போட்டு அளந்தா 850 தேறறதே பாடு. மிச்சம் எங்கய்யான்னா மாடிப்படி, லிப்டு, வராண்டா, செவுத்துக் கனம் எல்லாத்துலயும் உங்க பங்கு இருக்குதுங்கறான். மாட்டை நிழலோட சேத்து எடை போட்ட மாதிரி. உள்ள கால் வெக்கற எடத்தை மட்டும் கார்ப்பெட் ஏரியான்னு சொல்லித்தான் விக்கோணுமின்னு ரேரா சட்டம் சொல்லுது. பத்திரத்துல நெலத்துல எவ்வளவு பாகம்னு ஒரு வரி இருக்கும், யுடிஎஸ்ங்கறீங்களே. அம்பது வருஷம் கழிச்சுக் கட்டடம் போனாலும் அந்த மண்ணுதான் நிக்கும். வாங்கறவன் டைல்ஸ் கலரைப் பத்தி அரை மணி நேரம் கேப்பான், அந்த வரியப் பத்தி அரை நிமிஷம் கேக்க மாட்டான். கேக்காததைச் சொல்றது தரகனுக்கு அழகா?

ரேரான்னதும் நெனப்பு வந்துது. நீ பதிஞ்சுட்டயா? எட்டு ஊட்டுக்கு மேலயோ 500 சதுர மீட்டருக்கு மேலயோ இருக்கற திட்டமின்னா அதைப் பதிஞ்சிருக்கோணும், அதை விக்கற ஏஜென்ட்டும் பதிஞ்சிருக்கோணும். இல்லைன்னா நாளொண்ணுக்கு 10,000 ரூவாய் அபராதமாமா. எங்க காலத்துல தரகன் மாட்டுனா செருப்படி, ஒரு நாளோட போச்சு. பில்டரும் பத்து பர்சென்ட்டுக்கு மேல வாங்கோணுமின்னா அக்ரிமெண்ட்டைப் பதிஞ்சுட்டுத்தான் வாங்கோணும். 'ஆஃபர் இன்னிக்குச் சாயந்தரம் வரைக்கும்தானுங்'ன்னு சொல்லி முப்பது பர்சென்ட்டை வெள்ளைத்தாள் ரசீதுக்கு வாங்கிக் குடுக்கறயே, அதுல நீ கில்லாடி. உன்ற சேக்காளி சொன்னான். நீ மொறைக்காத, நான் அவனைக் கேக்கல, அவனாத்தான் சொன்னான்.

விக்கறவன்கிட்ட நெம்பப் பேச வேண்டியதில்லை. அவன் சொல்ற வெலை அவன் சொன்னதில்லை, பக்கத்து ஊட்டுக்காரன் சொன்னது. பக்கத்து ஊட்டுக்காரன் வித்தது 52க்கு, சொல்லிக்கிட்டது 70ன்னு. ஆறு மாசம் ஆறப் போடு, தானா எறங்குவான். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. 'பழைய கடனெல்லாம் கட்டி முடிச்சுட்டேனுங்'ம்பான். பத்திரம் எங்கன்னு கேளு. 2023 டிசம்பர்லருந்து கடன் முடிஞ்ச 30 நாளைக்குள்ள அசல் பத்திரத்தைத் திருப்பிக் குடுக்கோணும், பேங்கு மேல தப்பா இருந்து தாமசமாச்சுன்னா நாளைக்கு 5,000 ரூவாய் அவனுக்குத் தரோணும். அது பாதி ஆளுகளுக்குத் தெரியாது. அதையும் உட, பத்திரத்தைப் பொட்டியில வெச்சுட்டான், ஆனாப் பேங்குல அடமானம் வெச்சப்போ பத்திர ஆபீசுல பதிஞ்சதை ரசீது போட்டு ரத்து பண்ணியிருக்க மாட்டான். பத்து வருஷங்கழிச்சு விக்கறப்போ வில்லங்கத்துல அந்தக் கடன் உசுரோட உக்காந்திருக்கும். அந்தப் பேங்கே அதுக்குள்ள இன்னொரு பேங்கோட சேந்து பேரு மாறியிருக்கும். அலைஞ்சு சாவான்.

எல்லாத்துலயும் பெரிய சுழி எது தெரியுமா? தங்கச்சி கையெழுத்து. நம்ம சீமையில பூமி விக்கற முக்காவாசி ஊட்டுல இதுதான் சிக்கல். அண்ணந்தம்பி மூணு பேரும் பத்திர ஆபீசுக்கு வேட்டி கட்டிட்டு வந்து நிப்பாங்க. அக்கா தங்கச்சிய மறந்தே போயிருப்பாங்க. கேட்டா, 'அவளுக்குத்தான் முப்பது பவுனு போட்டுச் சீரு செஞ்சாச்சே, இன்னமும் என்ன பாகம்?'ங்கறது. சீரு வேற, பாகம் வேறய்யா! நம்ம ஸ்டேட்டுல 1989லயே பொம்பளைப் புள்ளைக்கும் பூர்வீகச் சொத்துல சரிபாகம்னு சட்டம் வந்துது. கல்யாணமானவ, ஆகாதவன்னு அதுல ஒரு தடுப்பு வெச்சிருந்தாங்க. 2005ல நாடு பூராவும் சட்டம் மாறுச்சு, அந்தத் தடுப்பும் போச்சு. 2020ல சுப்ரீம் கோர்ட்டு, அப்பன் அந்தச் சட்டம் மாறுன தேதியில உசுரோட இருந்தாலும் இல்லாட்டியும் பொறப்பாலயே அவளுக்குப் பாகம் உண்டுன்னு அடிச்சுச் சொல்லிருச்சு. போன மாசம் மூணு பேரு இப்படித்தான் அட்வான்சு வாங்கித் தின்னுட்டாங்க. பேங்கு வக்கீலு 'சகோதரி எங்க?'ன்னு ஒரு வரி எழுதுனாரு. இப்ப மூணு பேரும் தங்கச்சி ஊட்டு வாசல்ல ஆப்பிள் பையோட நிக்கறாங்க. பதினஞ்சு வருஷமா ஒரு நோம்பிக்கும் எட்டிப் பாக்காதவனுக. டீக்கடையில இதையச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சு எனக்கு இருமலே வந்துருச்சு.

சரி, பொழுது சாயுது. நான் கூப்புட்ட சங்கதிக்கு வாரேன். புத்தி சொல்றதுக்கா உன்னைய ஈரோட்டுலருந்து வரச் சொல்லுவேன்?

மேக்கால இருக்கற அறுவது செண்டு. பைபாஸ் வந்தாங்காட்டி வெலை ஏறிக் கெடக்குது. கோயமுத்தூர் பார்ட்டி ஒண்ணு வந்து மூணு தடவை பாத்துட்டுப் போயிருச்சு. எனக்கும் முட்டி தேஞ்சு போச்சு, இனி அங்க போயி என்ன பண்ணப் போறேன்? வெளித் தரகன் எதுக்குன்னுதான் உன்னையக் கூப்புட்டேன். பேப்பரு பூராவும் இந்தப் பையில இருக்குது பாரு. பாட்டன் பூட்டன் காலத்துப் பூமி, எங்கப்பன் வழியா எனக்கு வந்துது. வில்லங்கத்துல ஒரு கோடு இருக்காது. பட்டா என்ற பேருல. உன்ற மாமன் கையெழுத்துப் போடறேன்னுட்டான். பல்லைப் புடிச்சுப் பாரு, நல்லாப் பாரு. கடை சேந்த மாடு, ஒரு சொத்தை இருக்காது.

என்ன நெம்ப நேரமாப் படிக்கற? கண்ணாடி வேணுமா? ஏஞ் சிரிக்கற?

சரி, வா, கையக் குடு. துண்டைப் போட்டுப் பேசிக்கலாம். அம்மிச்சி கேட்டா ஊரெல்லாம் சொல்லிருவா. ம்... என்னது, ஒரு விரலைப் புடிக்கற? ஒரு பர்சென்ட்டா? ஏண்டா, மோரு குடிச்ச ஈரம் காயல, அப்பிச்சிகிட்டயே கமிஷனா? பேரன்னாப் பேரந்தான்! சரி உடு, அரை விரலுக்கு வா.

இல்லீங்களா? கமிஷன் இல்லையா? அப்பறம் என்ன ஒரு விரலு?

ஒரு கையெழுத்தா? யாரு கையெழுத்து?

அட.

அவளுக்குத்தான் நாப்பது பவுனு போட்டு...

ஆமாமா, நாந்தான் சொன்னேன், சீரு வேற பாகம் வேறன்னு. சொன்னதைத் திருப்பிச் சொல்லாத, காது கேக்குது. அதா, அடுப்படியில சிரிக்கறாளே உங்கம்மிச்சி, அவளுக்கு மொதல்லருந்தே தெரியும் போல. கையை உடு. துண்டை எடு, வேர்க்குது.

உங்கம்மாளுக்கு எந்தக் கெழமைடா லீவு?

போன் போடாத, வேண்டாம். நானே வாரேன்னு மட்டும் சொல்லி வையி. அப்பறம், உங்க ஊர்ல இந்த ஆப்பிளு கிலோ என்ன வெலைக்கு விக்குது?